அச்சுக்கோப்பிலிருந்து மின்திரைக்கு: மலையக இலக்கியமும் பதிப்புப் பொறுப்பும்

1

தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியுள்ளனர். ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பணி இலக்கிய மாணவர் யாவரும் அறிந்ததே. தாமோதரம்பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பும் 1887ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. சொற்பிரிப்பு, பாடபேதம், மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல், எகர ஏகார வேறுபாடு முதலிய எத்தனையோ சிக்கல்களுக்கு அப்பதிப்பாசிரியர்கள் முடிவு காண வேண்டியிருந்தது. அம்முடிவுகளின் மீதே நமது இலக்கிய வரலாறு எழுப்பப்பட்டது என்பதை நாம் இன்று ஒப்புக்கொள்கிறோம்.

இப்பொழுது இரண்டாவது மாற்றம் ஒன்று நடைபெற்றுக்கொண்டிருக்கிறது. அச்சுப் பக்கத்துக்கெனக் கோக்கப்பட்ட நூல்கள் கைத்தொலைபேசியிலும் மின்வாசிப்புக் கருவியிலும் படிக்கத்தக்க கோப்புகளாக மாற்றப்படுகின்றன. முதல் மாற்றத்தைப் பதிப்பியலின் பாற்பட்டதெனக் கொண்ட நாம், இரண்டாவதைத் தொழினுட்பஞ் சார்ந்த சிறுவேலையெனக் கருதித் தன்னார்வ இளைஞர்களிடமும் கணினி நிலையங்களிடமும் விட்டுவிட்டோம். இக்கருத்து தவறானது என்பதையும், அதனால் மிகுந்த இழப்புக்குள்ளாகக்கூடியது மலையக இலக்கியமே என்பதையும் எடுத்துக்காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையக இலக்கியத்தைத் தனியே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சங்கநூல் ஒன்றின் மின்பதிப்பிலே பிழை நேர்ந்தால் அதனைத் திருத்துவதற்குப் பத்து அச்சுப் பதிப்புகளாவது கைவசம் உள்ளன. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ பதுளையிலோ வாழ்ந்த ஓர் எழுத்தாளரின் நூல் பெரும்பாலும் ஒரேயொரு பதிப்பையே கண்டது. அதன் படிகளும் சிலவே. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் அம்மக்களைச் சிதறடித்தன. அவ்வொப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதி 1974இல் பங்கிடப்பட்டது. கப்பலேறிய குடும்பம் எடுத்துச்சென்ற தகரப்பெட்டியில் புத்தகங்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை ஊகித்தறிவது கடினமன்று. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் எஞ்சியவற்றையும் குறைத்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, இந்நாட்டுத் தமிழ் நூல்கள் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதன் ஆபத்தையும் நாம் உணர்ந்தோம். ஆகவே மலையக நூல் ஒன்றுக்கு நாளை எஞ்சப்போவது அதன் மின்வடிவம் மட்டுமே என்ற நிலை கற்பனையன்று. அவ்வடிவத்தில் செய்யப்படும் ஒவ்வொரு முடிவும் இறுதி முடிவாகிவிடக்கூடும்.

2

இன்று நடைமுறையிலுள்ள மாற்றுமுறைகளை இரண்டாகப் பகுத்து நோக்கலாம். ஒன்று பக்கத்தைப் படமாகவே பேணுவது. மற்றையது எழுத்தை எழுத்தாகவே உள்ளிட்டு, பக்கத்திலிருந்து விடுவிப்பது.

பின்னைய முறையின் முன்னோடி, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கு. கலியாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமாகும். பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சுச் செய்தும் பிழைதிருத்தியும் அதற்கு வழங்கினர். முன்னைய முறையைப் பெருமளவில் கையாண்டது 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் திட்டமாகும். ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், நாளேடுகள், நினைவுமலர்கள், துண்டுப்பிரசுரங்கள் என அது சேர்த்துவைத்துள்ள ஆவணங்கள் இல்லாவிடின் இன்றைய ஆய்வாளர் பலர் தம் ஆய்வேடுகளை எழுதியிருக்கவே முடியாது. மலையகத்துச் சிறுவெளியீடுகள் பலவற்றுக்கும் அதுவே புகலிடமாயிற்று. இப்பணியின் பெருமையை நன்றியுடன் ஏற்றுக்கொண்டே அடுத்த கேள்வியை எழுப்புகிறோம்: பேணப்பட்ட இப்பக்கங்களை யார் படிக்கிறார்கள்?

பக்கப்படம் ஆய்வாளனுக்கு ஏற்றது. அவன் மேசையில் பெருந்திரை இருக்கிறது. தோட்டத்து லயத்தில் வாழும் இளைஞனிடமோ யுவதியிடமோ உள்ள ஒரே கருவி கைத்தொலைபேசி. கிரவுண் அளவுப் பக்கம் ஒன்றின் படத்தை அச்சிறு திரையில் படிப்பதற்கு ஒவ்வொரு வரியையும் பெருப்பித்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, மீண்டும் இடப்பக்கம் கொண்டுவர வேண்டும். நூறு பக்க நாவல் ஒன்றை இவ்வாறு படிக்கும் பொறுமை எவருக்கும் இராது. மேலும், படக்கோப்பு மிகப் பெரியது. அதே நூலின் எழுத்துக்கோப்போ அதன் மிகச் சிறு பகுதியளவே வரும். மலைச்சரிவுகளில் தொலைபேசி அலை எவ்வாறு கிடைக்கிறது என்பதை 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில் நாடு முழுவதும் கண்டது. பாடக்குறிப்புகளைப் பெறுவதற்காகப் பிள்ளைகள் உயர்ந்த இடங்களைத் தேடி ஏறிய செய்திகள் நாளேடுகளில் வெளிவந்தன. கோப்பின் பருமன் அவர்களைப் பொறுத்தவரை பணமும் நேரமும் ஆகும்.

எழுத்தாக்கப்பட்ட நூல் இவ்விடரை நீக்குகிறது. 2007இல் பொது நியமமாக ஏற்கப்பட்ட ஈபப் வடிவம் அடிப்படையில் ஓர் எளிய ஏற்பாடாகும். நூலின் எழுத்தும், தலைப்பு, பந்தி, செய்யுள் என்ற அமைப்புக் குறிகளும், தோற்றத்தைப் பற்றிய கட்டளைகளும் வெவ்வேறாக ஒரு பொதிக்குள் வைக்கப்படுகின்றன. திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமாகவே அமைந்துகொள்கின்றன. எழுத்தின் அளவை வாசகன் தன் கண்ணுக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். எழுத்தறிவு குறைந்த முதியவருக்குக் கருவியே அதனை வாசித்துக் காட்டவும் முடிகிறது. வாய்மொழிப் பாடலிலும் கூட்டு வாசிப்பிலும் வளர்ந்த ஓர் இலக்கியத்துக்கு இது அற்பமான வசதியன்று.

ஆகவே பேணலுக்குப் படமும் வாசிப்புக்கு எழுத்தும் தேவை என்ற முடிவுக்கு எவரும் எளிதில் வரலாம். ஆயின் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் இடத்திலேயே பிரச்சினைகள் தொடங்குகின்றன.

3

அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த காலத்தில், வரியின் முடிவில் இடம் போதாவிடின் சொல்லை எந்த எழுத்திலும் முறித்து அடுத்த வரிக்குக் கொண்டுசெல்வது தமிழ் அச்சில் வழக்கம். ஆங்கில நூல்களைப் போல முறிந்த இடத்தில் சிறுகோடு இடும் வழக்கம் பல அச்சகங்களில் இருக்கவில்லை. அச்சுப் பக்கத்தில் இது வாசகனைத் தடுப்பதில்லை; கண் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. எழுத்துணரிக்கு அந்த அறிவு இல்லை. ஒரு வரியின் இறுதியில் ‘மலை’ என்றும் அடுத்ததன் தொடக்கத்தில் ‘நாட்டு’ என்றும் இருந்தால், அது ஒரு சொல்லா இரு சொற்களா என்பது ஆசிரியரின் வழக்கை அறிந்த ஒருவர் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஒரு நூலில் இவ்வாறான இடங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

எழுத்து வடிவமும் இவ்வாறே. பெரியார் 1935இல் முன்வைத்த சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றுக்கொண்டபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துக்கள் இன்றைய வடிவம் பெற்றன. இலங்கை அச்சகங்கள் பலவற்றில் அதற்குப் பின்னரும் பழைய அச்செழுத்துக்களே வழங்கின. எனவே 1980ஆம் ஆண்டளவில் வெளிவந்த மலையக நூலிலும் கொம்பு வளைந்த பழைய ‘லை’யையும் சுழி இணைந்த ‘னா’வையும் நாம் எதிர்பார்க்கலாம். புதிய வடிவங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட எழுத்துணரி இவற்றைக் கண்டு தடுமாறுகிறது. ‘ர’கரமும் கால் குறியும், ஒகரமும் ஓகாரமும் தேய்ந்த அச்சில் ஒன்றுபோலத் தோன்றுவதும் சேர்ந்துகொள்ள, ஒரு பக்கத்தில் பிழைகள் பல்கிவிடுகின்றன.

இவ்விடத்தில் ஒரு நன்மையையும் குறிப்பிடுதல் தகும். ஒருங்குறியிலே பழைய ‘லை’க்கும் புதிய ‘லை’க்கும் வெவ்வேறு குறியெண்கள் இல்லை. லகர மெய்யும் ஐகாரக் குறியும் எவ்வாறு தோன்ற வேண்டுமென்பதை எழுத்துருவே தீர்மானிக்கிறது. ஆதலால் பழைய நூலைப் புதிய வடிவில் காட்டுவதனால் மூலத்துக்கு ஊறு நேராது. விரும்புவோர் பழைய எழுத்துருவிலும் அதே கோப்பைக் காணலாம். ஈயத்தில் ஒன்றாயிருந்த எழுத்தும் அதன் தோற்றமும் இங்கே பிரிந்துவிட்டன.

ஆனால் அதே ஒருங்குறி வேறு பொறிகளையும் வைத்திருக்கிறது. ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரம் போலத் தோன்றுவதால் ‘கௌரவம்’ என்ற சொல்லை ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் எனத் தட்டச்சுச் செய்வோர் பலர். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்போது அச்சொல் அகப்படாது. கருவி வாசிக்கும்போது ‘கெள’ என்றே ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத பிழையே பதிப்பாசிரியனின் மிகப் பெரிய பகை.

தொண்ணூறுகளிலும் அதன் பின்னரும் கணினியில் கோக்கப்பட்ட நூல்களின் நிலை இதனினும் விசித்திரமானது. அக்காலத்தில் இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினி போன்ற எழுத்துருக்கள் ரோமன் எழுத்துக்களின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். எகர ஒகரக் கொம்புகள் அவற்றில் மெய்யெழுத்துக்கு முன்னே தட்டப்பட்டன. ஒருங்குறியில் அவை பின்னே வருவன. மாற்றும் நிரல்கள் இவ்வரிசையை மாற்றியமைக்கின்றன எனினும், நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் எண்களையும் குறியீடுகளையும் சேர்த்துக் குழப்பிவிடுவதுண்டு. 1970இல் ஈயத்தில் கோத்த நூலின் பக்கம் இன்றும் படிக்கத்தக்கதாயிருக்க, 1995இல் கணினியில் கோத்த நூலின் மூலக்கோப்பு வழக்கொழிந்த தட்டுகளில் முடங்கிக் கிடக்கிறது. புதியது நீடிக்கும், பழையது அழியும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது நல்ல மறுப்பாகும்.

4

மேற்கூறியவை கவனத்தினால் தீர்க்கக்கூடியவை. அடுத்துக் கூறப்போவது வர்க்கச் சார்பும் பிரதேசச் சார்பும் கலந்த பிரச்சினை.

மலையக எழுத்தின் உயிர் அதன் சொற்களில் இருக்கிறது. ‘பிரட்டு’ என்பது விடியற்காலையில் தொழிலாளரை நிரைப்படுத்தி வேலை பகிர்வது. ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலைக்குரிய பதிவு. ‘அரைப்பேர்’ என்பது அப்பதிவு பாதியாக வெட்டப்படுதல். ‘துண்டு’, ‘செக்றோல்’, ‘கவ்வாத்து’, ‘கொழுந்து’, ‘கணக்கப்பிள்ளை’, ‘கங்காணி’, ‘துரை’, ‘லயம்’, ‘றாத்தல்’ ஆகிய ஒவ்வொன்றும் ஓர் உற்பத்தி உறவின் பெயர். மனிதனின் பெயரே அவனுடைய கூலியின் அலகாகிவிட்ட கொடுமையை ‘அரைப்பேர்’ என்ற சொல்லைப் போல வேறெது கூறவல்லது?

இச்சொற்களைக் கணினியின் பிழைதிருத்தி அறியாது. பிரட்டுக்களத்தை அது புரட்டுக்களமாக்கப் பரிந்துரைக்கலாம். தோட்டத்தை அறியாத தட்டச்சாளர் அப்பரிந்துரையை ஏற்கலாம். ‘லயம்’ என்றதும் இசையின் லயத்தையே நினைக்கும் வாசகருக்காக அது ‘குடியிருப்பு’ எனத் திருத்தப்படலாம். ஒரே நூலில் ‘பிரட்டு’ என்றும் ‘பெரட்டு’ என்றும் வந்தால் சீர்மையின் பெயரால் ஒன்று நீக்கப்படலாம். பாத்திரத்தின் பேச்சில் ஒரு வடிவத்தையும் ஆசிரியர் கூற்றில் இன்னொன்றையும் எழுத்தாளர் வேண்டுமென்றே ஆண்டிருக்கலாம் என்ற எண்ணம் திருத்துபவருக்கு எழுவதில்லை. ஊரின் பெயர்தானும் ஹட்டன், ஹற்றன், அட்டன் என மூவகையாக அச்சேறியுள்ளது. அவற்றுள் யாழ்ப்பாணத்து எழுத்து வழக்கும் கொழும்பு நாளேட்டு வழக்கும் தோட்டத்து நாவின் வழக்கும் பதிந்திருக்கின்றன. மூன்றையும் ஒன்றாக்கினால் எந்த நூல் எவர் கைப்பட்டு அச்சேறியது என்பதற்குரிய சான்று அழிகிறது.

மலையக எழுத்தாளர் பலர் தமது மொழியைக் கொச்சையென இகழ்ந்த விமர்சகர்களை எதிர்த்தே எழுதினர். மரபுப் போராட்டம் நடைபெற்ற ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் முற்போக்கு எழுத்தாளர் முன்வைத்த வாதமும் உழைக்கும் மக்களின் பேச்சு இலக்கியத்துக்குரியது என்பதுதான். அன்று மேடையில் வென்ற வாதத்தை இன்று பிழைதிருத்தும் நிரல் ஒன்று எவரும் அறியாமல் தோற்கடித்துவிடுமாயின் அது பெரும் அவலமாகும்.

எழுத்தாக்கம் தரும் ஆய்வுப் பயனும் இங்கேயே தங்கியிருக்கிறது. ‘கூலி’ என்று மனிதனைச் சுட்டிய வழக்கு எப்போது தளர்ந்து ‘தொழிலாளி’ என்ற சொல் எழுந்தது? கங்காணியைக் குறிக்கும் அடைகள் காலந்தோறும் எவ்வாறு மாறின? முன்னர் ஓர் ஆய்வாளர் தன் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டு விடை கண்டிருக்கக்கூடிய வினாக்கள் இவை. நூல்கள் தேடத்தக்க எழுத்தாகிவிட்டால் ஒரு மாணவரே சில வாரங்களில் முதல் விடையை எட்டலாம். ஆனால் நாகரிகங் கருதி ‘கூலி’யைத் ‘தொழிலாளி’ ஆக்கிய பதிப்பிலே தேடுபவர் பெறும் விடை வரலாற்றினுடையதாக இராது. பதிப்பித்தவரின் கூச்சமே அங்கு வரலாறாகக் காட்சிதரும்.

5

நூலின் உரையைச் சூழ்ந்து நிற்கும் பகுதிகளையும் கவனிக்க வேண்டும். 1985இல் பிரித்தானிய நூலகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் டி. எஃப். மக்கென்சி, நூலின் பௌதிக வடிவமும் அதன் பொருளின் பகுதியே என்றும், நூலியல் சமூகவியலாக விரிய வேண்டுமென்றும் வாதித்தார். மலையக நூல்கள் இக்கருத்துக்கு நல்ல சான்றுகள்.

1869இல் யாழ்ப்பாணத்தில் அச்சாகிய ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை எடுத்துக்கொள்வோம். தோட்டச் செய்கை பற்றிய தமிழ் இலக்கியத்தின் மிகப் பழைய அச்சுச் சான்றுகளுள் அது ஒன்று. உழைக்கும் பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியின் வடிவை எடுத்துக்கொண்டு, தோட்ட முதலாளிகளின் நலனுக்கிசைய உழைப்பை உபதேசிப்பது அது. அந்நூல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளிவந்தது. தமிழ் மின்னூல் தயாரிப்போர் ஒருவர், தமிழ் வாசகருக்கு ஆங்கிலம் எதற்கு எனக் கருதி அதனை விட்டுவிடுவாராயின் என்னாகும்? தமிழ்ச் செய்யுள் முழுமையாகவே இருக்கும். ஆயினும் இந்நூல் எவருடைய கண்களை எதிர்பார்த்து எழுதப்பட்டது என்பதைக் காட்டும் முதன்மைச் சான்று மறைந்துவிடும். கொழுந்துக் கூடைக்கு முந்திய கோப்பிக் காலத்துத் தொழிலாளி ஆங்கிலம் படித்தவளல்லள். மொழிபெயர்ப்பின் இருப்பே நூலின் வர்க்கச் சார்புக்கு வாக்குமூலம்.

இதற்கு மறுதலையாக, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘இன் சிலோன்ஸ் ரீ கார்டன்’ 1954இல் ஆங்கிலத்திலேயே வெளிவந்தது. சக்தீ பால ஐயாவின் தமிழாக்கமாகிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ 1969இல் வந்தது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவுசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே தம் மக்கள் பிரசாவுரிமை இழக்கக் கண்ட கவிஞர், ஆளுவோரின் மொழியிலே தோட்டத்தின் துயரைக் கூறினார். அங்கே கங்காணித்துவத்தின் சார்பில் தமிழும் ஆங்கிலமும் இணைந்தன; இங்கே தொழிலாளியின் சார்பில் ஆங்கிலம் பேசிற்று, தமிழ் பதினைந்து ஆண்டுகள் பிந்தி வந்தது. முன்னுரையும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் பதிப்பாண்டும் நீக்கப்பட்டு வெறுங் கவிதையாக அது தொலைபேசியில் உலவுமானால், வாசகன் அதனை முதலிலேயே தமிழில் எழுதப்பட்ட ஒன்றாகக் கொண்டுவிடுவான்.

வெளியீட்டாளர், அச்சகம், விலை ஆகிய குறிப்புகளும் இலக்கிய வரலாற்று மூலங்களே. என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’, சி. வி.யின் ‘வீடற்றவன்’ ஆகியவற்றை எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வைகறை என்ற சிறுவெளியீட்டகம் கொணர்ந்தது. தொண்ணூறுகளில் துரைவி பதிப்பகம் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய பெருந்தொகுதிகளை வெளியிட்டது. பெரும் வணிகப் பதிப்பகங்களின் துணையின்றி ஒரு சமூகம் தன் இலக்கியத்தைத் தானே அச்சேற்றிய வரலாறு இந்நூல்களின் முதல் நான்கு பக்கங்களில் உள்ளது. மின்னூலாக்கத்தில் பெரும்பாலும் முதலில் வெட்டப்படுவனவும் அந்நான்கு பக்கங்களே.

பக்க எண்ணும் இவ்வகையினதே. வரி ஓடி அமையும் மின்னூலில் நிலையான பக்கம் இல்லை. ‘அறுபதாம் பக்கத்தில்’ என மேற்கோள் காட்டும் நமது ஆய்வு வழக்கம் அங்கே பொருளிழக்கிறது. 2011இல் வெளிவந்த ஈபப்பின் மூன்றாம் பதிப்பு அச்சுப் பக்கம் மாறும் இடங்களை உரையினுள்ளே குறித்துவைக்க வழிசெய்திருக்கிறது. வாசகனின் கண்ணில் படாத இக்குறி ஆய்வாளனை மூலப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும். செலவு மிகச் சிறியது. ஆயினும் தமிழ் மின்னூல்களில் இதனைக் காண்பது அரிதாகவுள்ளது.

பாடல்களில் வரியமைப்பு மேலும் நுண்மையானது. சி. வி. தொகுத்து 1983இல் வெளிவந்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ போன்ற தொகுதியைக் குறுகிய திரையில் இடும்போது நீண்ட அடி இரண்டாக மடிகிறது. மடிந்த பகுதி புதிய அடிபோலத் தோன்றின் பாட்டின் நடை குலைந்துவிடும். மடிந்த பகுதியை உள்தள்ளிக் காட்டும்படி ஒரு கட்டளை எழுதினால் போதும். ஆனால் இதைச் செய்பவருக்கு அடி என்பது இன்னதெனத் தெரிந்திருக்க வேண்டும். அடிக்குறிப்பு மட்டும் திரையில் அச்சினும் சிறப்பாக அமையக்கூடியது. கொழும்பு வாசகருக்காக ‘கவ்வாத்து’க்குத் தந்த விளக்கம் அச்சுப் பக்கத்தின் அடியில் எல்லார் கண்ணையும் உறுத்தி நிற்கும். மின்னூலில் வேண்டியவர் தொட்டால் மட்டுமே அது தோன்றும். தோட்டத்து வாசகர் தமது சொல்லுக்குப் பிறர் பொருள் கூறக் கேட்க வேண்டியதில்லை.

6

இறுதியாக உடைமைப் பிரச்சினை. 2016 திசம்பரில் கிண்டில் கருவிக்குரிய அமேசன் கடையிலே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் சில அதிகாரபூர்வமாக இடம்பெற்றன. உலகின் எந்த மூலையிலும் தமிழ் நூலைப் பெறலாம் என்ற மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும் அங்கே வாங்குபவர் பெறுவது நூலைப் படிக்கும் அனுமதியை மட்டுமே. 2009இல் ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ நாவலை வாங்கியோரின் கருவிகளிலிருந்து, பதிப்புரிமைத் தகராறு காரணமாக, அந்நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்தது. கண்காணிப்பைச் சாடிய நாவலுக்கே அந்நிலை நேர்ந்ததை உலகம் வியப்புடன் நோக்கியது. நூல்களை இழந்தே பழகிய ஒரு சமூகம் தன் நினைவை ஒரு வணிக நிறுவனத்தின் பூட்டுக்குள் மட்டும் வைத்தல் விவேகமாகாது. திறந்த நியமத்தில் அமைந்த கோப்பு, பல நாடுகளில், பல நூலகங்களில் படியெடுத்து வைக்கப்பட வேண்டும்.

அதேவேளை எழுத்தாளரின் உரிமையையும் நாம் மறத்தலாகாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியரின் ஆயுட்காலத்துக்குப் பின் எழுபது ஆண்டுகள் பதிப்புரிமை நிலைக்கிறது. 1947இல் மறைந்த கோ. நடேசய்யரின் எழுத்துக்கள் 2017இன் முடிவோடு பொதுவுடைமையாகிவிட்டன. ஹட்டனைத் தளமாகக் கொண்டு முதல் தோட்டத் தொழிற்சங்கத்தைக் கட்டியெழுப்பிய அவர், தொழிலாளர் கையில் எட்டவேண்டுமென்றே துண்டுப்பிரசுரங்களை அச்சிட்டார். அவரும் மீனாட்சியம்மாளும் தாங்கள் எழுதியவற்றைத் தொழிலாளர் முன் கொண்டுசென்ற முறையை நோக்கின், தொலைபேசித் திரையை அவர்கள் வெறுத்திருப்பார்கள் எனக் கொள்ள இடமில்லை. மின்பதிப்பை எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு இங்கேயே விடை உண்டு. 1984இல் மறைந்த சி. வி.யின் நூல்களோ 2054 வரை உரிமைக்குட்பட்டவை. 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் நூல்கள் 2092 வரை அவ்வாறே. குடும்பத்தாரின் இசைவைப் பெறாது செய்யப்படும் மின்னூலாக்கம், உழைப்பின் பயனை உழைத்தவருக்கு மறுத்த பழைய தோட்ட வழக்கத்தின் இன்னொரு வடிவமாகிவிடும். எழுத்தும் உழைப்பே.

எனவே நாம் வற்புறுத்துவன சிலவே. பக்கப்படமும் எழுத்துக்கோப்பும் ஒன்றையொன்று சுட்டும்படி சேர்த்தே பேணப்படல் வேண்டும். எழுத்துக்கோப்பில் மூலத்தின் சொல்வடிவம் எவ்வாறிருந்ததோ அவ்வாறே இருத்தல் வேண்டும். திருத்தம் இன்றியமையாத இடத்தில் அது திருத்தமெனக் குறிக்கப்பட வேண்டும். முன்பக்கங்களும் மொழிபெயர்ப்புகளும் பக்கக்குறிகளும் விடுபடலாகாது. யார், எந்தப் படியிலிருந்து, எந்த ஆண்டில் மாற்றினார் என்ற குறிப்பு ஒவ்வொரு மின்னூலிலும் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிழைதிருத்தும் பணியில் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மாணவர்கள் ஈடுபடுத்தப்பட வேண்டும். பிரட்டுக்கும் புரட்டுக்கும் வேறுபாடு அறிந்தவர்கள் அவர்களே. நமது பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறைகளில் அவர்கள் கற்கிறார்கள். மலையக நூல் ஒன்றை இவ்வாறு செம்மையாக மின்பதிப்பித்தலைச் சிறப்புப்பட்ட ஆய்வேட்டுக்கு ஒப்பான பணியென ஏற்றுக்கொள்ள நமது துறைகள் முன்வருமாயின், ஆண்டுக்குச் சில நூல்களேனும் காப்பாற்றப்படும்.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை 2023இல் ஊர்வலங்களாலும் கண்காட்சிகளாலும் நினைவுகூர்ந்தோம். அவ்வரலாற்றின் எழுத்துச் சான்றுகள் அவர்கள் எழுதிய சொற்களோடு அவர்கள் பேரப்பிள்ளைகளின் கைகளைச் சென்றடையச் செய்வது அந்நினைவுகூரலின் எஞ்சிய பகுதியாகும். அதனைச் செய்து முடிக்கும் பொறுப்பு முதலில் நம்மைச் சார்ந்தது.